ஒன்பதாவது கேள்வி

படிவத்தில் ஒன்பதாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியது நான்தான். அந்தப் பழியை வேறு யார் தலையிலாவது கட்டிவிடலாமா என்று இரண்டு நாள் முயன்று பார்த்தேன். ஒட்டவில்லை.

நான் குடிநீர் இணைப்பு அலுவலகத்தில் மூன்றாம் கவுண்டர். புது இணைப்பு கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் என் ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். எங்கள் படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. 'இந்த முகவரியில் இதற்கு முன் இணைப்பு இருந்ததா?' ஆம் என்று எழுதினால் தொலைந்தார்கள். பழைய மீட்டர் எண் வேண்டும், துண்டித்ததற்குச் சான்று வேண்டும், அதற்கு மாடியில் ஒரு மேசை, பக்கத்துக் கட்டடத்தில் இன்னொரு மேசை. அதனால் அந்தக் கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு யாராவது தயங்கி நின்றால், நானே ஜன்னலுக்கு முன்னால் குனிந்து குரலைத் தாழ்த்திச் சொல்வேன், "இல்லைன்னு போடுங்க, வேலை முடியும்." பதினேழு வருடமாக இதைத்தான் நான் செய்யும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்களும் கும்பிடு போட்டுவிட்டுப் போனார்கள்.

என் தங்கையின் மகனுக்கு ஞானஸ்நானம் கொடுக்க நாள் குறிக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டதும் இந்தத் திமிரில்தான். "படிவம், ஆபீஸ் எல்லாம் எனக்கு விட்டுடு, உனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவளிடம் சொன்னேன். ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தி நிற்கும் ஞானத்தாயும் நான்தான். அவள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள்.

பங்கு அலுவலகம் தேவாலயத்தின் பக்கவாட்டில் இருக்கிறது. பச்சை இரும்பு பீரோ ஒன்று, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஸ்கேல் சார். அவர் ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். சட்டைப் பையில் எப்போதும் எஃகு ஸ்கேல் ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டாருக்காவது ஞாபகம் இருக்குமா என்பது சந்தேகம். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒரு பெயர் எழுதினால் அதன் கீழ் ஒரு கோடு போடுவார். மாதம் முடிந்தால் சிவப்பு மையில் இரட்டைக் கோடு. சம்பளம் வாங்காமல் வேலை செய்கிறவர், அதனால் அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்டுவிட முடியாது.

"குழந்தைக்கு என்ன வயசு?"

"எட்டு மாசம் சார்."

"எட்டு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க? பொறந்த மூணாவது வாரம் வர்றவங்க எல்லாம் இருக்காங்க."

அதில் இரண்டரை மாதம் அவன் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது. வேலை முடியட்டும் என்று விழுங்கினேன். "உடம்பு சரியில்லாம இருந்தான் சார்" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை நிரப்ப உட்கார்ந்தேன்.

நான் படிவம் நிரப்புவதைப் பார்க்க வேண்டும். கட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்து போகாது. எட்டு கேள்வியும் மளமளவென்று முடிந்தன. ஒன்பதாவதில் பேனா நின்றது. 'குழந்தைக்கு ஏற்கெனவே ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டுள்ளதா? ஆம் எனில் நாள், இடம், கொடுத்தவர்.'

"சார், இதுக்கு என்ன எழுதறது? ஆஸ்பத்திரியில ஒரு சிஸ்டர் தண்ணி ஊத்தினாங்க."

"எந்த சபை சிஸ்டர்?"

"கன்னியாஸ்திரி இல்ல சார். நர்ஸ்."

"நம்ம ஆளா?"

"இல்ல. வேற மதம்."

ஸ்கேல் சார் சிரித்தார். சின்ன வகுப்புப் பிள்ளை வரைந்த யானையைப் பார்த்துச் சிரித்திருப்பாரே, அந்தச் சிரிப்பு. "அதெல்லாம் ஒரு மன ஆறுதலுக்குச் செய்யறதும்மா. ஆமான்னு போட்டீங்கன்னா யாரு, எவருன்னு விசாரிக்கணும், மேலிடத்துக்கு எழுதணும், பதில் வரணும்." மேசைக்கு மேல் குனிந்து குரலைத் தாழ்த்தினார். "இல்லைன்னு போடுங்க, வேலை முடியும்."

என்னுடைய வாக்கியம். என்னுடைய குரல்கூட. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. விஷயம் தெரிந்த மனிதர் என்று அவர் மேல் மரியாதைதான் வந்தது. 'இல்லை' என்று குண்டு குண்டாக எழுதினேன். அவர் முத்திரை குத்தி, மூன்றாவது ஞாயிறு என்று நாள் குறித்து, கார்பன் நகலைக் கிழித்துக் கொடுத்தார். போன காரியம் அரை மணியில் முடிந்த பெருமிதத்தோடு நேரே தங்கை வீட்டுக்குப் போனேன்.

அவள் வீடு நான்காவது மாடி. அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதர் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க ஏறி, நகலை அவள் கையில் கொடுத்துவிட்டு, பையனைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தேன். அவன் என் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்குவதில் மும்முரமாக இருந்தான். தங்கை பக்கம் திரும்பிப் பார்த்தால் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

"ஒன்பதாவதுல இல்லைன்னு எழுதியிருக்க."

"ஆமா. இல்லாட்டி மேலிடம், விசாரணைன்னு இழுப்பாங்களாம். இப்ப என்ன, அவனுக்கு முறையா சர்ச்சுல ஊத்தப் போறாங்க, அவ்வளவுதானே?"

"அப்போ பெரியவ?"

இரட்டைப் பிள்ளைகள். இருபத்தேழு வாரத்தில் பிறந்தவை. பெண் நான்கு நிமிடம் முந்தி வந்தாள், அதனால் அவள் பெரியவள். எடை எழுநூற்றுப் பத்து கிராம். பிறந்த அன்று பிற்பகல் மூன்றரை மணிக்கு, இரண்டும் தங்காது போலிருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் தங்கையைச் சக்கர நாற்காலியில் வைத்துப் பெட்டிகளுக்கு அருகே தள்ளிப் போனார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சர்ச் மறைக்கல்வி வகுப்பில் படித்ததை அவள் மறக்கவில்லை. ஆனால் ஒரு கையில் ஊசி குத்தி டியூப் ஓடிக்கொண்டிருந்தது, மற்றக் கை நடுக்கத்தில் எதையும் பிடிக்கவில்லை. பக்கத்தில் நின்ற நர்ஸிடம் கெஞ்சினாள். அந்தப் பெண் ஒரு சிரிஞ்சில் சுத்தமான தண்ணீரை எடுத்தாள். பெரியவளுக்கு ஊற்றினாள், பிறகு சின்னவனுக்கு. ஐந்தே முக்காலுக்குப் பெரியவள் போய்விட்டாள்.

சின்னவன் எல்லாருக்கும் டிமிக்கி கொடுத்துவிட்டுப் பிழைத்துக்கொண்டான்.

பெரியவளை அடக்கம் செய்யப் போனது நான்கு பேர். பழைய பங்குத்தந்தை மாற்றலாகிப் போய், புதியவர் வந்து சேராத வாரம் அது. தங்கை படுக்கையை விட்டு எழ முடியாததால் குழந்தையின் முகத்தைக்கூட இரண்டாம் முறை பார்க்கவில்லை. அவளிடம் இருப்பது, மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டை ஒன்று. அதில் 'இரட்டை 1 பெண்' என்று எழுதியிருக்கும். அப்புறம் அந்தத் தண்ணீர்.

"அவன் பொழச்சிட்டான். அவனுக்கு எத்தனை தடவை வேணும்னாலும் ஊத்தலாம்" என்று அவள் சொன்னாள். சத்தம் போடவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "அவளுக்கு எங்க போய்க்கா ஊத்துவ? அதே சிஸ்டர், அதே தண்ணி, அதே வார்த்தை. இவனுக்குச் செஞ்சது இல்லைன்னா அவளுக்குச் செஞ்சதும் இல்லைதானே? என் பொண்ணுக்குக் கெடைச்சது அது ஒண்ணுதான். அதையும் நீ இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்க."

"நான் அப்படி நெனச்சு எழுதல."

"மூணாவது ஞாயிறு நான் வரல. இவனையும் தர மாட்டேன்."

பையனை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். நான் நான்கு மாடி இறங்கினேன். முதல் இரண்டு மாடிக்கு அவள் மேல் கோபம், இவ்வளவு அலைந்த எனக்கு இதுதான் மரியாதையா என்று. மூன்றாவது மாடிக்கு ஸ்கேல் சார் மேல். தெருவுக்கு வந்தபோது என் மேலேயே வந்தது. அது அன்றிரவு என்னைத் தூங்கவும் விடவில்லை. மன ஆறுதலாம். மன ஆறுதலுக்குச் செய்வதென்றால் ஒரு டம்ளர் காப்பி கொடுக்கலாமே, அந்தத் தாய் எதற்குப் பிதா, சுதன் என்று சொல்லித் தவிக்க வேண்டும்? இதை அந்த மனிதர் சொன்னபோது என் வாய் எங்கே போயிருந்தது? பஸ்ஸில் கால் மிதித்தவனிடம் நான்கு நிறுத்தம் வரை சண்டை போடுகிற வாய் அது.

மறுநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அலுவலகம் திறக்கிற நேரத்துக்கு வாசலில் நின்றேன்.

"சார், அந்த ஒன்பதாவது கேள்வியைத் திருத்தணும்."

"முத்திரை போட்டாச்சேம்மா. அடித்தல் திருத்தல் இருந்தா செல்லாது."

"அடிச்ச எடத்துக்குப் பக்கத்துல முழுக் கையெழுத்து போட்டா செல்லும். எந்த ஆபீஸ்லயும் அதுதான் வழக்கம்."

"இது ஆபீஸ் இல்ல, ஆலயம்."

"நேத்து எனக்கு யோசனை சொன்னீங்களே, அப்ப மட்டும் ஆபீஸா இருந்துச்சா?"

அவர் ஸ்கேலை எடுத்து மேசை மேல் நேராக வைத்தார். விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பிள்ளைகள், ஒன்று இல்லை, இரண்டுக்கும் ஞானஸ்நானம் ஆனது, இரண்டையும் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, நல்ல மனதோடுதான், இப்போது நினைத்தாலும் நல்ல மனதோடுதான் என்று தோன்றுகிறது, இப்படிச் சொன்னார்:

"இருக்கற குழந்தையைப் பாருங்கம்மா. போன குழந்தைக்கு இனிமே என்ன பேப்பர் வேண்டிக்கிடக்கு?"

எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. "இந்த பீரோவுல எத்தனை வருஷத்துப் புத்தகம் இருக்கு சார்?"

"நூத்திப்பத்து வருஷத்துது இருக்கு. ஏன்?"

"அதுல இருக்கற முக்கால்வாசிப் பேர் போனவங்கதானே? அவங்க பக்கத்தையெல்லாம் கிழிச்சுப் போட்டுட்டீங்களா? இல்லையே, பூட்டுப் போட்டுப் பத்திரமா வெச்சிருக்கீங்க. எழுபது வயசுல போனவனுக்குப் பேப்பர் வேணும், பொறந்த அன்னைக்கே போனவளுக்கு வேண்டாமா?"

ஸ்கேல் சார் ஸ்கேலை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.  பிறகு கொஞ்சம் முறைப்பாகச் சொன்னார், "ஃபாதர் வியாழக்கிழமை இருப்பார். தண்ணி ஊத்தினவங்க நேர்ல வந்து சொல்லணும். மத்தவங்க சொல்றதை வெச்சு எழுத முடியாது. அந்த அம்மா வருவாங்களான்னு பாருங்க." வர மாட்டாள் என்ற நம்பிக்கை அவர் குரலில் நன்றாகவே தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அந்த வார்டு வாசலில் செருப்பு வைக்கிற அலமாரியும் ஒரு கைகழுவும் தொட்டியும் உண்டு. அந்த இரண்டரை மாதத்தில் அந்த அலமாரியை ஒட்டி நின்று பார்வையாளர் நேரத்துக்காக நான் போட்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல. நர்ஸ் வெளியே வந்து, முகமூடியைக் கீழே இழுத்து, என்னைக் கண்டதும் ஒரு நொடி பின்வாங்கினாள்.

"சண்டைக்கு வரல சிஸ்டர்" என்றேன்.

"அப்பாடா. பையன் எப்படி இருக்கான்?"

போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு சிரிக்கிற படம். அவள் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். கன்னத்தைப் பார்த்தாள், கழுத்து மடிப்பைப் பார்த்தாள், "மூணு மடிப்பு" என்றாள். பிறகு நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது.

"நான் தப்பு பண்ணிட்டேனாங்க? நான் உங்க ஆளு இல்லையே. அனுமதியில்லாம செஞ்சதுக்கு உங்க ஃபாதர் திட்டுவாரா?"

கெஞ்சியதைக் காதில் வாங்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை. உதவி செய்தவள் திட்டு வாங்கப் பயப்படுகிறாள், உட்கார்ந்து கோடு போட்டவர் நிம்மதியாக இருக்கிறார்.  "யாராவது ஒரு வார்த்தை சொல்லட்டும், பக்கத்துல நான் இருப்பேன்" என்றேன்.

"அதுவும் கொஞ்சம் பயமாத்தாங்க இருக்கு" என்றாள். ஆனால் வருவதாக ஒப்புக்கொண்டாள்.

தங்கையிடம் விஷயத்தை வாசலில் நின்றே சொன்னேன். உள்ளே கூப்பிடவில்லை. "வியாழக்கிழமை பத்து மணி. நீயும் வரணும்" என்றேன். "எழுதுவாங்களா?" என்று கேட்டாள். "எழுத வைப்பேன்" என்றேன். எப்படி என்று எனக்கே தெரியாது. வாயைக் கொடுத்துவிட்டேன், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை நாங்கள் நான்கு பேர். தங்கை, அவள் இடுப்பில் சின்னவன், காலைப் பணி முடியாமலே ஒரு மணி நேரம் அனுமதி வாங்கிச் சீருடையோடு வந்த நர்ஸ், நான். பங்குத்தந்தை ஐம்பது வயதுக்காரர். மைக் ஒயர் ஒன்று அறுந்துபோய், அதற்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். ஸ்கேல் சார் எங்கள் படிவத்தை அவர் முன்னால் வைத்துவிட்டு ஓரமாக நின்றார். இருப்பது இரண்டு நாற்காலிதான் என்பதால் நான் நர்ஸைப் பிடித்து ஒன்றில் உட்கார வைத்தேன்.

ஃபாதர் ஒயரைக் கீழே வைத்தார். "சிஸ்டர், நாலே கேள்வி கேக்கறேன். யோசிச்சு, நடந்ததை மட்டும் சொல்லுங்க. எந்தத் தண்ணி?"

"ஊசி மருந்து கலக்கற சுத்தத் தண்ணிங்க. கொஞ்சம் வெதுவெதுப்பா வெச்சிருந்தோம்."

"தலையில பட்டுதா, ஓடிச்சா?"

"ரெண்டு மில்லி எடுத்தேன். நெத்தியில மூணு தடவையா விட்டேன். காதோரமா வழிஞ்சுது. பஞ்சு வெச்சுத் தொடச்சேன், குளிர்ந்துடக் கூடாதுன்னு."

"வார்த்தையைச் சொன்னது யாரு?"

 ஸ்கேல் சார் தலையை நிமிர்த்தினார். தண்ணீர் ஊற்றுகிறவர் வாயாலேயே அந்த வார்த்தைகள் வர வேண்டும். தாய் சொல்லி நர்ஸ் ஊற்றியிருந்தால் அது செல்லாது. எனக்கு இது அப்போது தெரியாது. தங்கைக்குத் தெரிந்திருந்தது. பையனை இறுக்கிக்கொண்டாள், அவன் நெளிந்தான்.

"இவங்கதான் சொல்ல ஆரம்பிச்சாங்க" என்றாள் நர்ஸ். "நான் ஊத்தறேன், நீங்க சொல்லுங்கன்னுதான் நான் சொன்னேன். அதுக்கு இவங்க, இல்ல, நீங்களே சொல்லணும், இல்லாட்டி ஆகாதுன்னு அழுதாங்க. அதனால முதல்ல எனக்குச் சொல்லிக் குடுத்தாங்க. ரெண்டு தடவை திருப்பிச் சொன்னேன். அப்புறம்தான் ஊத்தினேன். ஊத்தறப்ப நான் மட்டுந்தான் சொன்னேன். இவங்களுக்குத் தொண்டை அடைச்சிடுச்சு."

"இப்பச் சொல்ல முடியுமா?"

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, பிதாவில் தொடங்கிப் பரிசுத்த ஆவி வரை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். ஞாயிறு தவறாமல் போகிற நான் அவ்வளவு சுத்தமாகச் சொல்லுவேனா என்பது சந்தேகம்.

"எட்டு மாசம் ஆச்சு. மறக்கலையே?" என்றார் ஃபாதர்.

"அதுக்கப்புறம் இன்னும் மூணு அம்மாங்க கேட்டாங்க ஃபாதர். மூணு குழந்தையும் போயிடுச்சு." அவள் ஸ்கேல் சார் பக்கம் திரும்பினாள். குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அவங்க பேரெல்லாம் எங்கயாச்சும் எழுதியிருக்காங்களா சார்?"

ஸ்கேல் சார் ஃபாதரைப் பார்த்தார். ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "கடைசிக் கேள்வி" என்றார். "என்ன நெனச்சு ஊத்தினீங்க?"

"எனக்கு உங்க சாமியைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க. இந்த அம்மாவுக்குக் கை சரியா இருந்திருந்தா இவங்க என்ன செஞ்சிருப்பாங்களோ, உங்க சர்ச்சுல என்ன செய்வாங்களோ, அதையே செய்யணும்னுதான் நெனச்சேன். வேற ஒண்ணும் நெனைக்கல."

"போதும்" என்றார் ஃபாதர். "ரெண்டு பேருக்கும் ஞானஸ்நானம் ஆகிடுச்சு. ஒரு குறையும் இல்ல. இவனுக்கு நான் மறுபடியும் ஊத்தினா அதுதான் தப்பு. ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க, எண்ணெய் பூசி, வெள்ளைத் துணி போட்டு, மெழுகுவத்தி குடுப்போம். தண்ணி மட்டும் கிடையாது."

தங்கை அழுதாள். நான் அழவில்லை, எனக்கு இன்னும் பாக்கி இருந்தது. "இவ்வளவு லேசான விஷயமா ஃபாதர் இது? நாலு கேள்வி, அஞ்சு நிமிஷம். அப்புறம் எதுக்கு இல்லைன்னு எழுதச் சொன்னாங்க? இவ வீம்பா நிக்காம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்?"

"நான் மறுபடி ஊத்தியிருப்பேன்" என்றார் அவர். "பெரியவளைப் பத்தி எனக்குத் தெரியவே வந்திருக்காது. நான் இங்க சொல்லிக் குடுத்திருக்கணும், குடுக்கல. என் தப்பு." ஒருவர் தப்பை ஒப்புக்கொண்டுவிட்டால் அதற்கு மேல் சண்டை போடுவது சிரமம். 

ஸ்கேல் சார் பீரோவைத் திறந்து பதிவேட்டை எடுத்தார். "அந்த மாசம் கோடு போட்டு மூடியாச்சு ஃபாதர். இப்ப எழுதினா தேதி வரிசை தப்பும்."

"தப்பட்டும்."

அவர் உட்கார்ந்து புதுப் பக்கத்தைப் புரட்டினார். முதல் வரியில் பிள்ளைகள் பிறந்த அந்த நாளின் தேதியை எழுதினார். பிறகு தங்கையை நிமிர்ந்து பார்க்காமல், "பெரியவ பேரு?" என்றார். பெரியவள் என்றுதான் கேட்டார். தங்கை சொன்னாள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முந்தியே அவளும் அவள் கணவனும் தேர்ந்து வைத்திருந்த பெயராம். எட்டு மாதத்தில் ஒரு முறை கூட அதை யார் வாயாலும் நான் கேட்டதில்லை. அந்தப் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, எழுத வேண்டிய இடத்தில் எழுதியாகிவிட்டது. அடுத்த வரியில் சின்னவன். 'கொடுத்தவர்' என்ற கட்டத்தில் மேலிருந்து கீழ் வரை பாதிரியார்களின் பெயராகவே இருந்தது. ஸ்கேல் சார் நர்ஸிடம் பெயரைக் கேட்டு, இரண்டு வரியிலும் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் கோடு போட்டார். அந்த இரண்டு கோட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் கவுண்டரில் பத்துப் பேரை அனுப்பியிருப்பேன்.

"உங்க படிவத்தைத் திருத்திக் குடுங்க" என்று என் பக்கம் தள்ளினார். "பக்கத்துல முழுக் கையெழுத்து." வேறு சமயமாக இருந்தால் அதற்கு ஒரு பதில் சொல்லியிருப்பேன்.

ஒன்பதாவது கேள்வியில் 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். பேனாவை மூடப்போகும்போது, வேலைப் பழக்கம், முழுவதையும் ஒரு முறை மேலிருந்து படித்துப் பார்த்தேன். நான்காவது கேள்வியில் கண் நின்றது. 'பெற்றோருக்கு எத்தனையாவது குழந்தை?' கட்டத்துக்கு வெளியே ஒரு எழுத்து போகாமல், குண்டு குண்டாக, 'முதலாவது' என்று எழுதியிருந்தேன். அதை எழுதும்போது என் பேனா தயங்கக்கூட இல்லை. யாரும் எனக்கு யோசனை சொல்லவில்லை. ஸ்கேல் சார் குனியவும் இல்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. நானேதான்.

தாளைத் தங்கையிடம் நீட்டினேன். "இதையும் நான்தான் எழுதினேன்" என்றேன். 

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. பையனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தெரியும்க்கா. அன்னைக்கே பாத்தேன். அதையும் சொல்லியிருந்தா நீ தாங்கியிருக்க மாட்ட."

மறுபடி பேனாவைத் திறந்தேன். 'முதலாவது' என்பதை ஒரே கோட்டில் அடித்து, மேலே 'இரண்டாவது' என்று எழுதி, பக்கத்தில் முழுக் கையெழுத்துப் போட்டேன்.